ஒட்டுதா, வழுக்குதா?

மாடிவீட்டு அக்கா குடிவந்த அன்றைக்கே என் கையைப் பிடித்துவிட்டார். சாமான்கள் இன்னும் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாம் என்று நான் செம்போடு வாசலுக்குப் போனேன். பீரோவை எப்படிச் சாய்த்து ஏற்ற வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், செம்பை வாங்கும்போது என் விரல்களைக் கவனித்தார். வெடித்து, வெள்ளை பூத்துக் கிடந்த விரல்கள். பள்ளிக்கூட நூலகத்துத் தூசியும் பழைய காகிதமும் எனக்குக் கொடுத்தது அது. அவர் செம்பைப் படியில் வைத்தார். தோள்பையைத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். என் பெயரைக்கூடக் கேட்காமல் புறங்கையில் ஒரு பொட்டு க்ரீம் வைத்துத் தேய்த்துவிட்டார்.

எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

அந்த முகம் சுருங்கியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“பரவாயில்லன்னா என்ன அர்த்தம்? ஒட்டுதா, வழுக்குதா, மணல் மாதிரி நெருடுதா? எதுன்னு சொன்னாத்தான நான் சரி பண்ண முடியும்” என்றார்.

நான் யோசித்து, கொஞ்சம் ஒட்டுவது போலத்தான் இருக்கிறது என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீரையும் குடித்துவிட்டு, பீரோவுக்குப் பின்னால் படியேறிப் போனார். அப்புறம் இறங்கி வந்தபோதுதான் என் பெயரையும் வேலையையும் கேட்டார். நூலகர் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தால் எல்லாரும் டீச்சர்தான் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். நான் அவரை அக்கா என்றேன். கீழே நானும் அம்மாவும், மேலே அவரும் அவருடைய வீட்டுக்காரரும். காரைக்குடியில் எங்கள் தெருவில் அப்படிச் சில வருடங்கள் இருந்தோம்.

அக்காவுக்கு எதிரி என்று உலகத்தில் ஒன்று இருந்தது என்றால் அது ‘பரவாயில்லை’ என்ற சொல்தான். வேடிக்கை என்னவென்றால், அவருடைய வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்ததெல்லாம் அநேகமாக அந்தச் சொல் மட்டும்தான். திருப்பத்தூர் சாலையில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். சாதுவான மனிதர். குழம்பில் உப்பு கூடினாலும் பரவாயில்லை, குறைந்தாலும் பரவாயில்லை. பஸ் கண்ணெதிரே போய்விட்டாலும் பரவாயில்லை. ஒருமுறை புதுச் சட்டையில் காக்கை எச்சமிட்டபோது அண்ணாந்து பார்த்து அதையே சொன்னாராம். காக்கைக்கு ஆறுதல் சொன்ன ஒரே ஆள் எங்க வீட்டுக்காரவுகதான் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு ஒருநாள் என்னிடம் மட்டும் வேறொன்று சொன்னார்.

“கல்யாணம் ஆனதுலேருந்து சமைச்சுப் போடுறேன் டீச்சர். இந்த மனுசனுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன்.”

க்ரீம் செய்யும் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்று முழுதாகத் தெரியாது. பி.காம். படித்தவர். ஜவுளிக்கடை ஒன்றில் கொஞ்ச காலம் பில் போட்டிருக்கிறார். அதை விட்டபின் யூட்யூபில் பார்த்து ஆரம்பித்தது என்றார். மாடியில் இருந்த இரண்டாவது அறையைச் சமையலறையைவிடச் சுத்தமாக வைத்திருந்தார். சின்ன எடை மெஷின், வெப்பமானி, கையில் பிடித்துச் சுற்றும் பிளெண்டர், கொதிக்க வைத்துத் துடைத்த கண்ணாடிக் கிண்ணங்கள். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிற மெழுகு, வெள்ளைச் செதில்களாக ஒரு பாட்டிலில் இருக்கும். எண்ணெயும் மெழுகும் ஒரு கிண்ணத்தில், தண்ணீர் இன்னொன்றில். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்றில் ஒன்றை ஊற்றுவார். பிளெண்டரின் தலை மேலே வந்தால் காற்றுப் புகுந்து நுரைத்துப் போகும் என்று அதை அடியிலேயே அழுத்திப் பிடித்துக்கொள்வார். விட்டு விட்டுச் சுற்றுவார். ஆறுகிற வரைக்கும் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் போன் அடித்தாலும் எடுக்க மாட்டார்.

இவ்வளவு செய்தும் ஏதாவது ஒன்று சொதப்பும். சொதப்புவதுதான் அவருக்குப் பிடித்த பகுதி என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஒரு மார்கழியில் க்ரீம் ரவை ரவையாக வந்தது. உள்ளே போடும் ஷியா பட்டர் என்ற கொழுப்பு மெதுவாக ஆறினால் அப்படித் திரளும், முழுக்க உருக்கிச் சட்டென்று குளிர வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து எங்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி தங்கவில்லை. இன்னொருமுறை தேய்க்கத் தேய்க்கத் தோலில் அழுக்கு மாதிரி உருண்டு உருண்டு வந்தது. கெட்டியாவதற்குச் சேர்த்த கோந்துத் தூள் அதிகமாகிவிட்டதாம். வேறொரு முறை தடவியதெல்லாம் திருநீறு பூசியதுபோல வெள்ளையாக நின்றது. அதோடு நான் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை என் கைகளைப் பார்த்து, சாக்பீஸ் தூள் என்று நினைத்து, யாருக்குப் பதிலாகப் பாடம் எடுத்தீர்கள் என்று கேட்டார். சாயங்காலம் அதைச் சொன்னபோது அக்கா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வெள்ளை எவ்வளவு நேரம் நின்றது, கழுவியதும் போனதா, காய்ந்த பிறகு தோல் இழுத்ததா என்று வரிசையாகக் கேட்டார். மெழுகைக் குறைத்து மறுபடி செய்தார். மெழுகை மட்டும்.

அது அவருடைய சட்டம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். எண்ணெயையும் மாற்றி, மெழுகையும் மாற்றி, சூட்டையும் மாற்றிவிட்டால் எது சரி செய்தது என்று எப்படித் தெரியும் என்பார். பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை கேட்டால்கூட, இவுக ரெண்டு பேரும் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தப் பாக்குறாக டீச்சர், எப்படி விளங்கும் என்று கவலைப்படுவார்.

தனக்கு வேண்டிய நேர்மையை அவர் மற்றவர்களுக்கும் தாராளமாகக் கொடுத்தார். அங்குதான் சிக்கல். தெருமுனை வீட்டம்மா பேரன் பிறந்த சந்தோஷத்தில் அதிரசம் கொடுத்தனுப்பினார். மறுநாள் பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டார். பாகு பதம் தாண்டிவிட்டது, அதனால்தான் கல்லாகப் போனது, அடுத்த தடவை கொஞ்சம் முன்னாலேயே இறக்குங்கள் என்று அக்கா அக்கறையாகச் சொன்னார். அந்த அம்மா அதற்கப்புறம் எங்கள் வீட்டு வழியே வருவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போனார். எனக்கும் சில நாள் பயமாகத்தான் இருக்கும். படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வேன். சோர்ந்து வந்த சாயங்காலங்களில் ஒட்டுதா வழுக்குதா என்று ஆராய யாருக்குத் தெம்பு இருக்கிறது?

ஒருநாள் மத்தியானம் அக்கா தடதடவென்று இறங்கி ஓடிவந்தார். முகமெல்லாம் பல். வெளியூரில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த அவருடைய மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. சோற்றுக்கற்றாழையைத் தோட்டத்தில் வெட்டி, அந்தச் சதையை அப்படியே அரைத்துப் போட்டு ஒரு லோஷன் செய்திருந்தார். குதிகாலில் தடவச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறார். சில நாள் தடவியவர், அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, இது நல்லா இல்ல, அழுகுன வாடை அடிக்குது என்று சொல்லிவிட்டாராம்.

“நல்லா இல்லன்னு சொன்னாக டீச்சர். அவுக வாயால.”

பச்சைச் சதை போட்டால் கெட்டுப்போகும் என்பது அக்காவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும், ஆசையில் செய்துவிட்டார். அத்தனையையும் கொட்டினார். இனிமேல் கெடாமலிருக்கப் போடும் மருந்து இல்லாமல் தண்ணீர் சேர்த்த எதையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். சாயங்காலம் வீட்டுக்காரருக்குக் கந்தரப்பம் சுட்டார். எனக்கும் ஒரு தட்டில் வந்தது. எப்படி இருந்தது என்று கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் என்று நான் விசாரித்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பழைய பதிலேதான்.

உள்ளதைச் சொல்லிவிடும் இந்தக் குணம் அக்காவுக்கு இழப்பும் கொண்டுவந்தது. பக்கத்து ஊரில் தங்கள் பழைய பெரிய வீட்டை விடுதியாக மாற்றி நடத்திய ஆச்சி ஒருவர், வீட்டுக்காரர் கடையில் பெயிண்ட் வாங்கிய பழக்கத்தில் அக்காவின் லோஷனைப் பற்றிக் கேள்விப்பட்டார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற இடம். ஒவ்வொரு அறையிலும் கை கழுவும் இடத்தில் ஒரு பாட்டில் வைக்கலாம், சந்தன வாசனையோடு கொடுங்கள் என்றார். அக்காவுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். பாட்டில்களில் ஒட்டும் காகிதத்துக்கு எழுத்து நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். கொஞ்ச நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று பார்க்க அவராகவே பஸ் ஏறிப் போனார். சித்திரை வெயில். அறையில் இருந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர், மேலே எண்ணெய். இரண்டு அறைகளில் அப்படி. மற்றவை நன்றாகத்தான் இருந்தன. ஆச்சியிடம் காட்டினார். ஆச்சி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குலுக்கிவிட்டுப் போட்டுக்கொள்வார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, பரவாயில்லை விடுங்கள் என்றார்.

“சொல்லாமப் போயிருப்பாக ஆச்சி. கையில ஊத்திப் பாத்துட்டு, கழுவிட்டுப் போயிருப்பாக” என்றாராம் அக்கா.

நன்றாக இருந்த பாட்டில்களையும் சேர்த்து எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்று மத்தியானமே ஒரு கூட்டம் வந்து தங்குவதாக இருந்தது. அறைகளில் வைக்க ஒன்றுமில்லை. ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை.

அப்புறம் மாடி ஜன்னல் ஓரமெல்லாம் சின்னச் சின்னப் புட்டிகள். சந்தன எண்ணெய் இல்லாமல் ஒன்று, பாதி அளவில் ஒன்று, முழு அளவில் ஒன்று, சூட்டோடு சேர்த்தது ஒன்று, ஆறிய பிறகு சேர்த்தது ஒன்று. எல்லாம் ஒரே வெயிலில். தினமும் காலையில் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். கடைசியில் பிடிபட்டது. வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கிறார், அது சேர்மானத்தைப் பிரித்துவிட்டது. பாதி அளவு போட்டது வெயிலில் கிடந்தும் கலையவில்லை. புதிதாகச் செய்து எடுத்துக்கொண்டு ஆச்சியிடம் போனார். அதற்குள் அறைகளில் ஏதோ கம்பெனிப் பாக்கெட்டுகள் வந்திருந்தன. ஆச்சி மரியாதையாகக் காபி கொடுத்தார், தனக்கென்று ஒரு பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார், அடுத்த சீசனுக்குப் பார்ப்போம் என்றார்.

திரும்பி வந்த அக்கா மாடிக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தப்புன்னு தெரிஞ்சப்புறம் அப்படியே வச்சிட்டு வர முடியல டீச்சர். இது ஒரு வியாதியா?”

ஆறுதலாக எதையாவது சொல்ல வாயெடுத்தேன். நாக்கு நுனிக்கு வந்த சொல் அவருக்குப் பிடிக்காத சொல்லாக இருந்ததால் விழுங்கிவிட்டேன். ஆச்சி கடைசிவரை மறுபடி ஆர்டர் கொடுக்கவில்லை.

பிறகு அவர்கள் திருப்பத்தூரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் என்னையும் கூட்டிப் போனார். பூச்சு வேலை முடிந்த சுவரில் உள்ளங்கையால் மேலும் கீழும் தடவி, இங்குட்டு வழவழன்னு இருக்கு, அங்குட்டு நெருநெருங்குது என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார். கொத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இது செவரு. மூஞ்சி இல்ல” என்றார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சுவரை மறுபடி பூச வைத்தார்.

இதெல்லாம் அவரைப் பற்றி யார் கேட்டாலும் நான் சிரித்துக்கொண்டே சொல்கிறவை. என் அம்மாவுக்கு அவர் செய்ததை அதிகம் சொன்னதில்லை.

அவர்கள் மாடியில் இருந்த காலத்தில்தான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நாம் பேசுவது எல்லாம் புரியும், திருப்பிச் சொல்ல முடியாது. படுக்கையிலேயே கிடந்ததில் தோல் காகிதம் மாதிரி மெலிந்து வறண்டுவிட்டது. அரிப்பெடுத்து இடது கையால் சொறிந்து சொறிந்து கோடு கோடாகப் புண். வாசனை இல்லாமல் ஈரப்பசை தருவது எதையாவது தடவுங்கள் என்று டாக்டர் சொன்னார். கடையில் வாங்கிவந்த எதையும் அம்மா விடவில்லை. கையை இழுத்துக்கொள்வார். நான் பிடிவாதமாகத் தடவினால் கண்ணில் தண்ணீர் வரும். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் கோபம் வரும்.

அக்கா வந்து பார்த்தார். தான் போடும் பொருள்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் காட்டிக் கேட்டுவரச் சொன்னார். அவர் சரி என்ற பிறகுதான் வேலையை ஆரம்பித்தார். ஒரு துளியை அம்மாவின் முன்கையில் வைத்து, மறுநாள் வரை காத்திருந்து, தடிப்பு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே அடுத்த அடி.

காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வருவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் இடது கையில் கொஞ்சம் தடவிவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊரெல்லாம் கேள்வி கேட்டு வாட்டியவர் அங்கே வாயைத் திறக்கவில்லை. முதலில் கொண்டுவந்தது கெட்டியான க்ரீம். தடவியதும் அம்மா விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டார். அடுத்தது தளர்வாக இருந்தது, இறுக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துக் கையைப் படுக்கை விரிப்பில் மெல்ல மெல்லத் தேய்த்தார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அரிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

“கெட்டியா இருந்தா தோலை இழுக்குது, அவுகளுக்கு வலிக்குது. எண்ணெய் கூடினா பிசுபிசுங்குது, அதான் துடைக்கிறாக” என்றார் அக்கா. “பிசுபிசுப்பு அம்மாவுக்கு ஆகாது டீச்சர். சின்ன வயசுலேருந்தே அப்படியா?”

ஆமாம். கைக்கு மாவு ஒட்டினால்கூட உடனே கழுவுகிறவர் அம்மா. அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. என்னிடம் இத்தனை நாளும் அம்மா பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அக்கா மாடிக்குப் போவார், மெழுகைக் குறைப்பார். மறுநாள் வருவார். எண்ணெயை மாற்றுவார். மறுபடி வருவார். ஒரு தடவைக்கு ஒன்று. அம்மாவுக்கும் அது பழகிவிட்டது. அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் கண் கதவுக்குப் போகும். இந்தத் தெருவிலேயே பூசி மெழுகாமச் சொல்றவுக உங்க அம்மா ஒருத்தவுகதான் என்று அக்கா என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு அம்மாவின் இடதுபக்க உதடு கொஞ்சம் விரிந்தது. பக்கவாதம் வந்தபின் அந்தச் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பள்ளி விடுமுறையாக இருந்த ஒரு காலை. அக்கா புதிதாகச் செய்ததைக் கொண்டுவந்து வழக்கம்போல இடது கையில் தடவினார். அம்மா விரலை மடக்கவில்லை. விரிப்பில் துடைக்கவில்லை. கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

படுத்ததிலிருந்து அம்மா தன் வலது கையைப் பார்த்ததே இல்லை. நான் அதை ஈரத்துணியால் துடைக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அன்றைக்கு இடது கையை நீட்டி, போர்வை மேல் கிடந்த வலது மணிக்கட்டைப் பிடித்தார். ஒருமுறை நழுவிவிட்டது. நான் உதவப் போனேன், அக்கா கண்ணாலேயே தடுத்தார். அம்மா மறுபடி பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, அந்தக் கையை அக்காவின் மடியில் கொண்டுபோய் வைத்தார்.

மாடியில் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் படிக்கட்டின் மேலிருந்து, இறக்கட்டுமா என்று குரல் கொடுத்தார். இறக்குங்க என்று அக்கா திரும்பாமலே சொன்னார். மடியிலிருந்த கை சரிந்துவிடாமல் முழங்காலைச் சற்று உயர்த்திக்கொண்டு, கட்டை விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகத் தடவினார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.